பெயரை மட்டும் மாற்றி

கனகரத்தினத்துக்கு மூன்று விஷயங்களில் திடமான அபிப்பிராயம் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் அதைவிடத் திடமான அபிப்பிராயம் இருந்தது. கோட்டில் கிளாக்கராக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர். அத்தனை வருஷமும் நீதவான்மாருக்கு முன்னால் வாய் திறக்காமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாக, பின்னேரங்களில் வட்டுக்கோட்டை வாசிகசாலையில் கதைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் வாசிக்க வந்தவர்கள் பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டு இவரைக் கேட்டார்கள். பேப்பரைவிட இவர் சுவையாக இருந்தார் என்பது உண்மைதான்.

மிசின் வந்து மனிதனின் கையைக் கெடுத்துவிட்டது என்பது அவருடைய முதல் கட்சி. பதிப்புரிமைச் சட்டம் பணக்காரனின் விளையாட்டு என்பது இரண்டாவது. தனிப்பாடம் நடத்துகிற ரியூட்டரி மாஸ்டர் ஒருவர் தன்னுடைய நோட்ஸை மற்ற ரியூட்டரி களவாடி அடித்துவிட்டதென்று வழக்குப் போடப் போனபோது, காணிக்கு வேலி அடைக்கலாம், சொல்லுக்கு அடைக்க ஏலுமோ என்று கேட்டு வாசிகசாலையையே சிரிக்க வைத்தவர் அவர். மூன்றாவது கட்சி அரசாங்கம். அதைப்பற்றி அவர் தொடங்கினால் வாசிகசாலைக் காரியதரிசி செல்வரட்ணம் எழுந்துபோய் றோட்டுப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு வருவார்.

எண்பத்துநாலாம் ஆண்டு அது. மதில்களில் இரவோடிரவாக இயக்கங்களின் துண்டுப்பிரசுரங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. ஆமிக்காரர் ட்ரக்கில் வந்து பொடியன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு கட்டளை வந்தது: தட்டச்சு மிசினோ றோனியோ மிசினோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவற்றை அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் பதிய வேண்டும், அதில் அடித்த ஒரு தாளையும் அடையாளத்துக்குக் கொடுக்க வேண்டும். ஊரில் றோனியோ இருந்தது ஒருவனிடம் மட்டும்தான். சந்தியில் சின்னக் கடை வைத்திருந்த முத்துக்குமாரு. மெழுகுத்தாளில் தட்டச்சடித்து உருளையில் சுற்றிக் கைபிடியைச் சுழற்றுவான். மிசின் தாள்தாளாகத் துப்பும். ரியூட்டரி நோட்ஸ், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்வெட்டு எல்லாம் அதிலேதான்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும்போது, அவரைப் பாடிப் புலம்பி ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர்.

முத்துக்குமாரு மை படிந்த கையோடு வாசிகசாலைக்கு வந்து, மிசினைப் பதியட்டோ என்று கனகரத்தினத்திடம் கேட்டான். சபை கூடியிருந்தது. கேட்கவேண்டுமா!

"பதியாதை. சட்டத்திலை அதுக்கு இடமில்லை. இண்டைக்கு மிசினைப் பதியெண்டுவான், நாளைக்கு நாக்கைப் பதியெண்டுவான்."

அந்த வசனம் ஒரு கிழமை ஊரெல்லாம் உலாவியது. முத்துக்குமாரு பதியவில்லை. கனகரத்தினம் அண்ணையே சொன்ன பிறகு அவனுக்கு வேறு யாரிடம் கேட்க இருந்தது?

அதற்கு முந்தின வருஷம்தான் கனகரத்தினத்தின் மனைவி பராசக்தி போய்ச் சேர்ந்திருந்தாள். அவளுடைய கல்வெட்டை அவரே பாடினார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் தனியாக இருந்து, அடித்து அடித்துத் திருத்தி எழுதினார். மனைவியை மை உருளையில் போட்டுச் சுழற்ற மனம் வராமல், பட்டணத்து அச்சகத்தில் எழுத்துக் கோத்து அடிப்பித்தார். அதில் இப்படி ஓர் இடம் வரும்:

படலை திறக்கும் ஒலியெல்லாம் நீயென்று
திடுக்கிட் டெழுந்து திரும்புதடி என்னெஞ்சு
பராசக்தி நீயின்றிப் பாழாச்சு நம்வீடு.

பெரிய கவிதையென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அது பொய்யில்லை. வாசல் படலை கிரீச்சிடும்போதெல்லாம் மனிதர் உண்மையாகவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டளை வந்த பிறகு ஒருநாள், அதே ஊர்க் கந்தப்புவின் மனைவி இரத்தினம்மாவின் அந்தியேட்டிக்குப் போய்ப் பந்தலுக்குள் இருந்தபோது அவர் கையிலும் ஒரு கல்வெட்டைக் கொடுத்தார்கள். றோனியோவில் அடித்தது. புரட்டினார். படலை திறந்தது, நெஞ்சு திடுக்கிட்டது, இரத்தினம்மா நீயின்றிப் பாழாச்சு நம்வீடு. பெயரை மட்டும் மாற்றியிருந்தது. அதனால் தளையும் தட்டியது. பராசக்தி இருந்த இடத்தில் வேறொருத்தியைக் கொண்டுவந்து குடியிருத்தியதுபோல அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

நேரே சந்திக்குப் போனார். முத்துக்குமாரு ஒளிக்கவில்லை. கந்தப்புவுக்குப் பாடிக் கொடுக்க ஆளுமில்லை, வசதியுமில்லை. இதை வாசித்துக் காட்டியபோது மனிதர் விக்கி விக்கி அழுதார், அதனால் அடித்துக் கொடுத்தேன் என்றான். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "அழுகைக்கு ஆரண்ணை காணிக்குப்போலை உறுதி முடிச்சு வைச்சிருக்கிறது?"

அவன் நோகச் சொல்லவில்லை. சொல்லுக்கு வேலி அடைக்க ஏலாது என்று இவர் படிப்பித்த பாடத்தைத்தான் திருப்பி ஒப்பித்தான். அதுதான் கூடச் சுட்டது. கோட்டில் வழக்குப் பேசுகிற, தெரிந்த அப்புக்காத்து ஒருவரிடம் போய்ப் பதிப்புரிமைச் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டார். அவர், செத்தவீட்டுப் பாட்டுக்கு வழக்கோ என்று சிரித்து, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தாரே தவிர, கோபம் இறங்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் பென்சன் அலுவலாகக் கச்சேரிக்குப் போனார். அங்கே ஒரு மூலையில் மிசின் பதிய மேசை போட்டிருந்தார்கள். மேசையில் இருந்த உத்தியோகத்தர் கோட்டில் பழக்கமானவர். பக்கத்தில் சிவில் உடுப்பில் யாரோ ஒருவன். உத்தியோகத்தர் பொழுதுபோக்காகத்தான் கேட்டார்: உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லையே, மிசின் இல்லையோ?

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் பல்லைக் காட்டிவிட்டு நடந்திருக்கலாம். அதுவும் அவருக்குத் தெரிந்த வித்தைதான்.

"சந்தியிலை முத்துக்குமாரு வைச்சிருக்கிறான்" என்றார்.

சிவில் உடுப்புக்காரன் பேனாவைத் திறந்தான். கனகரத்தினம் பஸ் ஏறி வந்தார். ஒரு நோட்டீஸ் வரும், மிசினைக் கொஞ்ச நாள் எடுத்து வைப்பார்கள், பொடியனுக்கு ஒரு பாடமாக இருக்கும் என்று வழியெல்லாம் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார். வீடு வந்து சேரும் வரைக்கும் மனம் குளிர்ந்துதான் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அந்தக் கிழமையே ஆமி வந்தது. மிசினையும் ஏற்றினார்கள், முத்துக்குமாருவையும் ஏற்றினார்கள். கடையில் அகப்பட்டது கோயில் கொடியேற்ற நோட்டீஸ் மட்டும்தான். அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. ட்ரக்கிலிருந்து மை ஒழுகிச் சந்தி வளைவு வரைக்கும் றோட்டில் கறுப்பாகக் கிடந்தது.

செய்தி கேட்டதும் கனகரத்தினத்துக்கு முதலில் வந்தது பயம். ஆளைக் காட்டிக் கொடுத்தவர்களை இயக்கப் பொடியன்கள் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டுவிட்டு, கழுத்தில் குற்றம் எழுதின மட்டை தொங்கவிட்டுப் போகிற காலம். தன்னை யாராவது கச்சேரியில் கண்டார்களா என்றுதான் முதலில் யோசித்தார். அந்தப் பொடியனுக்கு என்ன நடக்குமோ என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார். முந்தியது எது என்பது அவருக்கே தெரிந்தது. வெட்கம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

மறுநாள் படலை திறந்தது. முத்துக்குமாருவின் மனைவி பாலேஸ்வரி. அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"அண்ணை, ஒரு மனு எழுதித் தரோணும். கவுண்மேந்துக்குப் பயப்பிடாத ஒரே ஆள் நீங்கள்தானெண்டு அவர் எப்பவும் சொல்லுவார்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். மற்றவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதைத் தவிர ஒரு றோனியோவுக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை என்று எழுதினார். ஒரு வீட்டின் விளக்கை எடுத்துக்கொண்டு போய் அது எரிந்ததற்காகத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று எழுதினார். எழுத எழுத வசனங்கள் வந்து விழுந்தன. பராசக்திக்குப் பாடியதற்குப் பிறகு அப்படி அவர் எழுதியதில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாலேஸ்வரி, பதியத் தேவையில்லை என்று நீங்கள் சொன்னபடியால்தான் அவர் பதியாமல் விட்டார் என்பதையும் போடுவோமா என்று கேட்டாள். வெகுளியாகத்தான் கேட்டாள்.

அது சட்டத்துக்கு உதவாது என்றார் கனகரத்தினம். இப்படிச் சொல்வதற்கும் சட்டம் வேண்டியிருந்தது அவருக்கு.

மனு போனது. ஆள் வரவில்லை. ஆனால் மனுவின் புகழ் பரவியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் ஒவ்வொருவராகப் படலையைத் திறந்து வந்தார்கள். பாலேஸ்வரிக்கு எழுதியதுபோலவே, பெயரை மட்டும் மாற்றி ஒன்று தாருங்கள் என்றார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவருக்குப் பந்தலும் றோனியோத் தாளும் முன்னால் வந்து நின்றன. ஒருவரிடமும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மிசின் இல்லை, அதைத்தான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களே. எல்லாவற்றையும் கையாலேயே எழுதினார். விரல் வீங்கி, துணி சுற்றிக்கொண்டும் எழுதினார். வாசிகசாலையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று செல்வரட்ணம் பிரேரித்ததாகக் கேள்விப்பட்டதும், அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். ஊர் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

மாரி தொடங்கியபோது முத்துக்குமாருவை விட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் அவன் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தான்.

"மனுவை எனக்குக் காட்டினவங்கள் அண்ணை. நல்லா எழுதியிருந்தீங்கள்."

கனகரத்தினம் வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

"காட்டிப்போட்டுச் சிரிச்சவங்கள். உன்னைக் காட்டித் தந்ததும் உந்த மனிசன்தான், விடச்சொல்லி எழுதினதும் உந்த மனிசன்தானெண்டு."

மறுத்துச் சொல்ல வாய் வந்தது. அதை அடக்கினார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மூன்று கட்சிக்கும் சளைக்காமல் வாதாடிய நாக்கு, "தம்பி" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டது.

"நான் பாலேஸ்வரிக்குச் சொல்லேல்லை" என்றான் முத்துக்குமாரு. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். சொன்னா உங்களைக் கம்பத்திலை கட்டிப்போடுவாங்கள். பேந்து சனத்துக்கு ஆர் மனு எழுதிறது?"

அவன் எழுந்தான். படி இறங்கினவன் திரும்பினான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று அவனுடைய முகத்தில் தெரிந்தது.

"அந்தக் கவி அக்காவுக்குப் பாடினது. கேளாமல் எடுத்தது என்ரை பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

அவன் கன்னத்தில் அறைந்திருந்தால் கனகரத்தினம் வாங்கிக்கொண்டிருப்பார். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பார். இதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முத்துக்குமாரு முற்றத்தைக் கடந்து போனான். படலைக் கொளுக்கியை வலது கையால் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, இடது கையால் தூக்கினான். ஓடிப்போய்த் திறந்துவிடவேண்டும் என்று கனகரத்தினத்துக்கு இருந்தது. கதிரையை விட்டு எழும்பாமலே இருந்தார்.

விளக்கேற்றுகிற நேரத்தில் படலை மறுபடி கிரீச்சிட்டது. திடுக்கிட்டுத் திரும்பினார். செல்வரட்ணம் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். கரவெட்டியிலிருந்து வருகிறாளாம், மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். வழமையானதுதான், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார் செல்வரட்ணம்.

கனகரத்தினம் தாளை எடுத்து வைத்து, மகனின் பெயர் என்ன என்று கேட்டார். அவள் பெயரைச் சொல்லாமல் முதலில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடாதேங்கோ பிள்ளை" என்றார்.

அவள் கேட்கவில்லை. கும்பிட்ட கையை எடுக்காமலே மகனின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார்.