மிச்சம் பத்து மாத்திரை

பழனிவேலின் கால் புண்ணைப் பற்றி அவருக்கே தெரியாதது அவர் மச்சினி இளமதிக்குத் தெரியும். கடலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அந்தப் புண்ணின் சீழை அவளேதான் சோதித்தாள். பதினாறு மருந்து வைத்துப் பார்த்ததில் பதினைந்துக்குக் கிருமி அசைந்தே கொடுக்கவில்லை.

காரணமும் அவளுக்குத் தெரியும். கீரப்பாளையத்தில் மாமா வைத்திருக்கும் கோழிப் பண்ணையில், நோய் வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் டேங்கில் மருந்துப் பொடி கொட்டுவது வழக்கம். "கிருமிக்கு மருந்து பழகிடும் மாமா, கொட்டாதீங்க" என்று மூன்று வருஷமாகத் தொண்டை வறளக் கத்தினாள். தீவனத் தட்டு காலைக் கிழித்து, சர்க்கரையும் சேர்ந்துகொண்டு, கட்டைவிரலையே எடுக்க வேண்டி வரும் என்று சிதம்பரத்து டாக்டர் சொன்ன பிறகுதான் மனிதர் பொடியை நிறுத்தினார்.

மிஞ்சிய அந்த ஒரே மாத்திரையை டாக்டர் எழுதினார். வேளைக்கு ஒன்று, தினம் இரண்டு, பத்து நாள். ஐந்தாம் நாள் சீழ் நின்றுவிட்டது என்று மாமா போனில் சொன்னபோது, இளமதி கூட வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் நேரில் வந்து கட்டைப் பிரித்தாள். விரல் மறுபடியும் வீங்கிச் சிவந்திருந்தது. மாத்திரை அட்டை காலி.

"இன்னும் மூணு இருக்கணுமே மாமா?"

"கோவிச்சுக்காத மதி. அஞ்சாம் நாளே புண்ணு காஞ்சிடுச்சி. அதுக்கு மேல தின்னு என்னா பண்றது? அன்னிக்கின்னு பாத்து குஞ்சுங்க சொணங்கி நின்னுது. நீ பொடி போடக் கூடாதுன்ட்ட. நான் போடலியே! என் காலயே ஆத்துன மாத்திரையாச்சே, மிச்சம் பத்தையும் இடிச்சி டேங்குல கலந்துட்டேன். இப்ப எப்புடி ஓடுது பாரு!"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கொட்டகைக்குள் குஞ்சுகள் நிஜமாகவே துள்ளிக்கொண்டிருந்தன. இளமதிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கத்தியதில் பொடியைத் தவிர இந்த மனிதர் காதில் வேறு எதுவுமே விழவில்லை.

"இருந்ததே அது ஒண்ணுதான் மாமா. பதினாறுல ஒண்ணு."

பழனிவேல் வீங்கிய விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அதனால என்னா? பதினேழாவதா ஒண்ண எழுதித் தரச் சொல்லேன்."