நெமேசியாவின் படுக்கையறையில் வளர்ந்த மினிபஸ்

காசிமிரோ தார்க்கியின் பழைய மினிபஸ்ஸில் எது கெட்டுப்போனாலும், அந்தப் பாகம் அவருடைய படுக்கையறையில் இருந்த தகரப் பொம்மை வண்டியில் புத்தம் புதிதாக முளைத்தது. முதலில் முளைத்தது ரேடியேட்டர். உருளைக்கிழங்கு விலை ஏறிய வருடம் அது. எங்கள் தெருவில் கிழங்கைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். லா பாஸ் நகரத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் எல் ஆல்ட்டோவில், அதுவும் எங்கள் சான் புருடென்சியோ பேட்டையில், வீட்டுக்கு ஒரு தொல்லை உண்டு. தார்க்கி வீட்டுக்கு வந்தது இது.

அலசீத்தா சந்தையில் வாங்கிய பொம்மை அது. ஜனவரி இருபத்துநான்காம் தேதி, வேண்டியதைக் குட்டியாக வாங்கி, பகல் பன்னிரண்டு மணிக்கு எக்கேக்கோ சாமியை நினைத்து புகை காட்டினால், வருடத்துக்குள் அது பெரிதாகக் கைக்கு வரும். வீடு வேண்டியவர்கள் குட்டி வீடு வாங்குவார்கள், புருஷன் வேண்டிய பெண்கள் சேவல் பொம்மை வாங்குவார்கள். காசிமிரோவின் மனைவி நெமேசியா, ஒரு ரொட்டி நீளத்துக்கு வெள்ளை மினிபஸ் வாங்கினாள். அதுவரைக்கும் சரி. ஆனால் அன்று காலைதான் அவள் பழைய வண்டியை, உள்ளே பயணிகள் சொகுசாக உட்கார்ந்திருக்க, மேட்டில் தோள்கொடுத்துத் தள்ளியிருந்தாள். அந்த ஆத்திரத்தில், புகைபோடுகிறவர் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லாரையும் போல “புது வண்டி” என்று சொல்லிவிட்டு வராமல், “அந்தப் பழைய சனியன்ல எதெது சாகுதோ அதெல்லாம் இதுல பொறக்கணும்” என்று சொல்லிவிட்டாள். சாமிகளிடம் விளக்கமாகப் பேசக் கூடாது. பேசினால் விளக்கமாகவே செய்துவிடுகிறார்கள்.

பழைய வண்டி ஜப்பானில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுக் கப்பலில் வந்தது. வலப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை இங்கே இடப்பக்கம் மாற்றியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஒரு பொந்து மிச்சமாகிவிட்டது. நெமேசியா அதில்தான் கொக்கா இலைப் பையையும் சில்லறையையும் வைத்திருந்தாள். காசிமிரோ ஓட்டுவார். நெமேசியா கதவைத் திறந்துகொண்டு “செஹா, பேரெஸ், பிராதோ” என்று நிறுத்தங்களின் பெயரைக் கூவி ஆள் ஏற்றுவாள். மேட்டிலிருந்து லா பாஸ் பள்ளத்துக்கு இறங்குவதும் திரும்ப ஏறுவதுமாக இருவரும் தலை நரைத்துவிட்டார்கள். வண்டிக்கும் வராத வியாதி இல்லை.

சந்தை முடிந்த மறுவாரம் ரேடியேட்டர் வெடித்தது. சாயங்காலம் வீடு திரும்பிய நெமேசியா, அலமாரியில் இருந்த பொம்மை சற்றுப் பெருத்திருப்பதையும், அதன் முன்பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு ரேடியேட்டர் பளபளப்பதையும் பார்த்துப் புருஷனைக் கூப்பிட்டாள். காசிமிரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது என்றார். மறுநாள் போய்ப் பழைய ரேடியேட்டரை அடைத்துச் சரிசெய்துகொண்டு வந்தார். பொம்மையில் இருந்தது காணாமல் போயிற்று. பொம்மையும் ரொட்டி அளவுக்கு வற்றிவிட்டது. அன்று தொடங்கிய சண்டைக்குத்தான் எங்கள் தெரு ஆறு வருடம் காது கொடுத்தது.

“யோவ், கெட்டதக் கெட்டபடி விடு. இது வளரட்டும்.”

“இது வளர்ற வரைக்கும் எத ஓட்டி எதத் தின்றது?”

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் எரிச்சலே. பழையதைப் பழுதுபார்த்தால் புதியது தேய்ந்தது. புதியது வளரட்டும் என்று விட்டால் பழையது நடுரோட்டில் படுத்தது. கிளட்ச் போனபோது பொம்மை ஒரு சோளப் பெட்டி அளவுக்கு வந்தது. அதன்மேல் நெமேசியா ஒரு துணிகூடப் போர்த்திவிட்டாள். காசிமிரோ அவளுக்குத் தெரியாமல் கிளட்சை மாற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் துணி சரிந்து தரையில் கிடந்தது. வாசலில் நின்றுகொண்டே, “புது கிளட்ச் நல்லா புடிக்குதா?” என்று கேட்டாள் அவள். அதன்பிறகு அந்த மனிதருக்கு ரகசியம் என்று ஒன்று வைத்துக்கொள்ள வழியே இல்லாமல் போயிற்று. அவர் ஒரு நட்டு மாற்றினாலும் பொம்மை காட்டிக்கொடுத்தது.

மெக்கானிக் வால்தேர் சம்பிலாவைக் கேட்டால் அவனாவது நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அந்த வண்டிக்கு ஞானத்தகப்பன். கோப்பகபானா கோயில் வாசலில் பூமாலை போட்டு, பாதிரியார் தீர்த்தம் தெளித்து, ஞானஸ்நானம் நடந்தபோது முதல் பீரை அதன் தலையில் ஊற்றியவன் அவன்தான். அந்த உறவில் அவனும் தார்க்கி தம்பதியும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“கொம்பாத்ரே, மழுப்பாம சொல்லு,” என்றாள் நெமேசியா அவனுடைய பட்டறைக்கே போய். “இதை இன்னும் தட்டிக்கொட்டி ஓட்டலாமா, தலைமுழுகிடலாமா?”

வால்தேர் கையைத் துடைத்தான். துடைத்த துணிதான் அதிக அழுக்காக இருந்தது. “கொமாத்ரே, நான் பீர் ஊத்தி ஆசீர்வாதம் பண்ணின புள்ள அது. செத்துப்போன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?”

“வாயால சொல்ல வேணாம். கையில இருக்கிற ஸ்பானரக் கீழ வையி, போதும்.”

“இந்த ஒரு புஷ்ஷ மட்டும் மாத்திடறேன். அப்புறம் பாருங்க, குதிரை.”

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் அவன் மாடி கட்டினான். நெமேசியா வீட்டுக்கு வந்து, அடுத்த ஜனவரியில் சேவல் பொம்மை வாங்கப்போவதாகப் புருஷனிடம் சொன்னாள். வாங்கு, அதுவும் கொஞ்ச நாளில் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கும் என்றார் அவர். உண்மையிலேயே அவர் வண்டிக்கு அடியிலிருந்துதான் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அவருடைய கால்களைத்தான் தெரியும்.

இப்படி வருடங்கள் போயின. பொம்மை நாய் அளவுக்கு வளர்ந்தது, பூனை அளவுக்குக் குறைந்தது, மறுபடி கட்டில் உயரத்துக்கு எழுந்தது, ஒரு டைனமோவுக்காக மறுபடி சுருங்கியது. இரண்டில் ஒன்றாவது முழு வண்டியாக இருந்த நாள் கிடையாது. தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். பிறகு ஓட்டுநர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. அடுத்த கார்னிவல் திருவிழா வரைக்கும்தான் கிழட்டு வண்டிகளுக்கு வரிசையில் இடம். அதற்குள் வேறு வண்டி கொண்டுவராதவரின் இடம் வெளியே காத்திருப்பவருக்குப் போய்விடும். அந்த இடம் போனால் காசிமிரோவுக்கும் நெமேசியாவுக்கும் வேறு பிழைப்பு தெரியாது. வண்டி இல்லாமல் ஓட்டவும் முடியாது, வரிசை இல்லாமல் கூவவும் முடியாது.

அந்த ஆகஸ்டில், இறக்கத்தில், வண்டி நிறைய ஆள் இருக்கும்போது பிரேக் விட்டுவிட்டது. காசிமிரோ கை பிரேக்கை இழுத்துக்கொண்டே, மேல்நோக்கிப் போகும் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். அது மூச்சிரைத்து நின்றது. ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் நெமேசியா கதவைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் வெகுநேரம் நின்றாள். அவள் அன்று திட்டவில்லை. அவள் திட்டாததைப் பார்த்துத்தான் காசிமிரோவுக்குப் பயம் வந்தது. வீட்டில் பொம்மைக்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் முளைத்திருந்தது. அதன் கூரை அறையின் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து சூப் குடித்தார்கள். இனிமேல் பழையதில் கைவைக்கமாட்டேன் என்று காசிமிரோ சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அழுததற்குச் சூப்பில் மிளகாய் அதிகம் என்று அவளைக் குறை சொன்னார்.

அதன்பிறகு பள்ளத்தில் இறங்காமல் மேட்டுச் சமவெளியிலேயே, கை பிரேக்கை நம்பி, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். வருமானம் பாதியானது. விளக்கு போயிற்று, பகலில் மட்டும் ஓட்டினார். வைப்பர் போயிற்று, மழை வந்தால் ஓரம் கட்டினார். இரண்டாம் கியர் செத்தபோது முதலிலிருந்து மூன்றுக்குத் தாவப் பழகிக்கொண்டார். கதவு கழன்று விழுந்த இடத்தில் நெமேசியா ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். படுக்கையறையில் இருந்ததோ சுவருக்குச் சுவர் நிறைந்துவிட்டது. கட்டில் சமையலறைக்குப் போனது. டிசம்பரில், பழையதில் கிழிந்தது, விரிந்தது, தேய்ந்தது எல்லாம் சேர்ந்து, புது வண்டிக்கு இருக்கை, கண்ணாடி, டயர் என்று எல்லாம் வந்துவிட்டன, எஞ்சினைத் தவிர. ஏனென்றால் பழையதன் எஞ்சின் மட்டும் கெடவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அது மக்கர் பண்ணியது கிடையாது.

அதைத் தூக்கி இதில் மாட்டிவிட்டால் ஆயிற்று என்று தெருவே சொன்னது. வால்தேரும் சங்கிலி போட்டுத் தூக்கி, ஜன்னலைப் பெயர்த்து உள்ளே விட்டு, நாள் முழுக்கப் பாடுபட்டு மாட்டினான். மறுநாள் காலையில் எஞ்சின் தானாகவே வெளியே வந்து தரையில் நின்றது, ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தாமல். நெமேசியா வேண்டிக்கொண்டது செத்ததை, கழற்றியதை அல்ல. வால்தேர் முனகிக்கொண்டே அதைப் பழையதிலேயே திரும்ப மாட்டினான். திருகியதும் ஒரே தடவையில் அது ஸ்டார்ட் ஆனது. அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும், இப்படி நல்லபிள்ளையாக இருக்கும் நேரமா இது என்று.

அந்த நாட்களில் காசிமிரோவிடம் பேசவே முடியாது. கெட்டதையெல்லாம் சாகவிட்டாயிற்று, நல்லதைக் கொல்லு என்றால் எந்த மனிதனுக்குக் கை வரும்? நெமேசியாவும் கேட்கவில்லை. கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் அவராகவே எஞ்சின் எண்ணெயை வடித்து ஒரு வாளியில் பிடித்தார். வண்டியில் ஏறினார். நெமேசியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போர்வையை ஒதுக்கித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு?” என்றார்.

“நான் கூவாம இது என்னைக்குப் போயிருக்கு?”

ஒருரோ சாலையில், தட்டையான சமவெளியில், ஆள் ஏற்றாமல் போனார்கள். யாருமில்லாத நிறுத்தங்களில் நெமேசியா “செஹா, பேரெஸ், பிராதோ” என்று கூவினாள். எண்ணெய் இல்லாமல் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும் என்று வால்தேர் சொல்லியிருந்தான். அது நிற்கவில்லை. ஓடியது. கிராமங்கள் கடந்தன, லாமா மந்தைகள் கடந்தன, எஞ்சின் அனலாய்க் கொதித்துக்கொண்டே ஓடியது. முதலில் அவர்களுக்கு வருத்தம், பிறகு கோபம், பிறகு சலிப்பு. மழை மேகம் கட்டிவிட்டது. நெமேசியா கூவுவதை நிறுத்திவிட்டு, இந்த வீட்டில் எதுவுமே சொன்னால் கேட்பதில்லை என்றாள். காசிமிரோ ஸ்டியரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“போதும்பா,” என்றார். “எங்களுக்காக நீ ஓடினது போதும். வேணும்னா இனி நாங்க நடக்கிறோம்.”

அது இருமி, உதறி, நின்றது. அதே நேரம் எங்கள் தெருவில், பூட்டிய படுக்கையறைக்குள் ஒரு எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் கேட்டோம். என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது போல என்று சொல்லிவிட்டு மீதித் துணியைக் காயப்போட்டாள். சனிக்கிழமை சுவரை இடித்து வண்டியை வெளியே எடுத்தோம். எல் ஆல்ட்டோவில் முடிக்காத வீடுதான் அதிகம் என்பதால் ஒரு சுவர் இல்லாதது யார் கண்ணையும் உறுத்தவில்லை. கார்னிவல் செவ்வாயன்று காகிதச் சுருளும் பீருமாகப் புது வண்டியைக் குளிப்பாட்டினார்கள். இதற்கும் வால்தேர்தான் ஞானத்தகப்பன். சங்கத் தலைவர் சுற்றிவந்து பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். வீட்டிலேயே வளர்ந்தது என்றாள் நெமேசியா. அவர் தலையை ஆட்டிவிட்டு இடத்தை உறுதிசெய்தார்.

புது வண்டி கெடவில்லை. ஒரு வருடம் ஓடியது, இரண்டு வருடம் ஓடியது, ஒரு பல்புகூடப் போகவில்லை. காசிமிரோ இளைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்க தோஷத்தில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுப்பார். உள்ளேயிருந்து தட்டும் சத்தமோ திட்டும் சத்தமோ வராது. கால்கள் மட்டும் அசையாமல் நீட்டிக்கொண்டிருக்கும்.

“என்னய்யா பண்ற அங்க?”

“ஒண்ணுமில்ல. ஒரு எழவும் கெடமாட்டேங்குது.”

நெமேசியா இதை ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வால்தேரிடம் போய் ஒரு ஸ்பானர் வாங்கிவந்தாள். இப்போது சனிக்கிழமை சாயங்காலம், அவர் ரொட்டி வாங்கப் போகும் நேரத்தில், ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து ஏதாவது ஒரு திருகைத் தளர்த்திவைக்கிறாள். ஒரு வாரம் பின் பம்பர், ஒரு வாரம் மட்கார்டு. ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். பத்து நிமிடத்தில் முடியும் வேலையை மத்தியானம் வரைக்கும் செய்கிறார். தட்டுகிறார், தேய்க்கிறார், செய்தவனின் வம்சத்தையே ஏசுகிறார். முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்து, “பாத்தியா? புதுசு புதுசுன்னு குதிச்சியே. பழசு இப்படி ஒருநாளாவது பண்ணிருக்குமா?” என்று கேட்கிறார்.

“பண்ணிருக்காது,” என்கிறாள் நெமேசியா. “நீ சொன்னதுதான் சரி. கை கழுவிட்டு வா, சூப் ஆறுது.”