இரண்டு போதுமா, நான்கு வேண்டுமா

1

இந்தக் கதை நான் போட்ட ஒரு பட்டியலிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இஸ்ஸிக்-குல் ஏரியின் தென்கரையில் எட்டு ஊர்ப் பெண்கள் ஆடும் வாலிபால் லீகுக்கு நான் புள்ளி குறிப்பவன். மற்ற நாட்களில் பள்ளியில் கணக்கு வாத்தியார். பிப்ரவரியில் தொடங்கி மே வரை ஞாயிறுதோறும் ஆட்டம். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு இரண்டு முறை மோதும். பதினான்கு வாரம் முடிந்ததும் முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்கள் இறுதிப் போட்டி ஆடுவார்கள். மீதி ஆறு அணிகள் கைதட்டலாம்.

சென்ற ஆண்டு ஏப்ரலில், பதினொன்றாம் வாரம் முடிந்ததும், மாவட்டப் பத்திரிகையில் பட்டியல் வெளியிட்டேன். நான்கு அணிகளுக்கு எதிரே "இனி வாய்ப்பில்லை" என்று குறித்திருந்தேன். கணக்கில் பிழையில்லை. இன்றைக்குக் கூட்டிப் பார்த்தாலும் அதே விடைதான்.

2

முதல் தொடக்கம்: "புருல்சாவின் இடது முழங்கால், உருகத் தொடங்கிய பனியைப் போல—" [விட்டுவிட்டேன். முழங்கால் வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.]

இரண்டாவது: "நியாயம் என்பது எத்தனை பேருக்கு இடம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து—" [இது பள்ளி ஆண்டு விழாப் பேச்சு.]

மூன்றாவது: "அடுத்த ஞாயிறு, ஆட்டங்கள் முடிந்த பிறகு, வலையைக் கூடக் கழற்றாமல் எட்டு அணித்தலைவிகளும் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள்."

இது போதும்.

3

கூட்டத்தைக் கேட்டவள் புருல்சா. சாரி-புலாக் அணியின் தலைவி, மருத்துவ நிலையத்தில் நர்ஸ், வயது முப்பத்தொன்பது. அவளுடைய அணி மூன்றாம் இடத்தில் இருந்தது. முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி வைக்க வேண்டும், இந்த ஆண்டே வைக்க வேண்டும் என்றாள். அந்த முழங்காலுக்கு இதுதான் கடைசி நல்ல ஆண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

எதிர்த்தவள் சைரகுல். ஒரு தோல்விகூட இல்லாமல் முதலிடத்தில் இருந்த கைனார் அணியின் தலைவி. ஆப்ரிகாட் தோட்டக்காரி, லாரியைத் தானே ஓட்டுபவள்.

"மூணாவது எடத்துல இருக்கறதால நாலு பேரு வேணுங்கற. அஞ்சாவதா இருந்திருந்தா ஆறு கேட்டிருப்ப. இல்லையா அக்கா?"

சிலர் சிரித்தார்கள். புருல்சாவும் மறுக்கவில்லை. சைரகுலின் வாதம் எளிமையானது: எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடுகிறோம். மூன்று மாத உழைப்பை நான்காம் இடத்துக்காரி வந்து ஒரே மதியத்தில் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்றால், அந்த மூன்று மாதம் எதற்கு?

(ஒரு கணக்கு வாத்தியாராக, அவள் பக்கம்தான் நான் இருந்தேன்.)

அப்போது ஜிபார் எழுந்தாள். தாஷ்-கெச்சு அணியின் தலைவி, இருபத்து மூன்று வயது, அந்த ஊருக்கு மருமகளாக வந்து இரண்டு ஆண்டு. கடைசி இடம். அணியின் ஆறு சட்டைகளையும் மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"நான் இதத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். ஒரு மாசமா மாமியார்கிட்ட, இன்னும் சான்ஸ் இருக்கு, இன்னும் சான்ஸ் இருக்குன்னு சொல்லித்தான் ஞாயித்துக்கெழம வெளிய வந்துட்டிருந்தேன். வாத்தியார் பேப்பர்ல போட்டத கொழுந்தன் படிச்சுக் காட்டிட்டாரு. ஆடு குட்டி போடற நேரம், ஜெயிக்க முடியாத ஆட்டத்துக்கு எதுக்குப் போறேன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்ல?"

என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

விதியை மாற்ற ஆறு ஓட்டு வேண்டும். ஐந்துதான் விழுந்தது. முதல் இரண்டு அணிகளும், என்ன காரணமோ ஆறாவது அணியும் கை தூக்கவில்லை.*

* ஆறாவது அணியின் தலைவி புருல்சாவோடு ஏழு ஆண்டுகளாகப் பேசுவதில்லை. அது வேறு கதை.

புருல்சா கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"சரி. அடுத்த வருஷத்துலேர்ந்து வெச்சுக்கலாம். இந்த வருஷம் ரெண்டே ரெண்டு டீம்தான். எனக்கு எதுவும் வேண்டாம்."

சைரகுல் அவளையே பார்த்தாள். "நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"அப்ப எண்ணிக்கோ வாத்தியாரே," என்று சைரகுல் கையைத் தூக்கினாள்.

4

[இந்த இடத்தில் முதல் வரைவில், "அவள் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். சைரகுல் வரைவை வாங்கிப் படித்தாள். "நான் எங்க அழுதேன்? அடிச்சிடு," என்றாள். அடித்துவிட்டேன். முதல் வரைவில் அவளைக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரியாகவும் காட்டியிருந்தேன். அதை அவள் அடிக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் அடித்தேன். தன் கருத்தை அவள் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. எதிரில் இருப்பவள் தனக்காகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் வழிவிட்டாள். அப்படிப்பட்டவளை வில்லியாக்கினால் எழுதியவனுக்குத்தான் வெட்கக்கேடு.]

5

அந்த ஓட்டால் அந்த ஆண்டு யாருக்கும் பயனில்லை. தாஷ்-கெச்சு மீதி இரண்டு வாரமும் வரவில்லை. சாரி-புலாக் மூன்றாவதாகவே முடிந்தது. கோப்பையைச் சைரகுல் தூக்கினாள், புருல்சா கைதட்டினாள்.

இந்த ஆண்டு பதினான்காம் வாரத்து ஞாயிறு வரை நான்காம் இடத்துக்கு நான்கு அணிகள் முட்டிக்கொண்டிருந்தன. அன்று காலை ஒரு மூதாட்டி என் மேசைக்கு வந்தாள். ஜிபாரின் மாமியார்.

"நாங்க உள்ள போகணும்னா என்ன நடக்கணும், விளக்கமா சொல்லு," என்றாள்.

'நாங்க' என்றாள். இரண்டு தாள் நிறையக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

தாஷ்-கெச்சு நான்காவதாக உள்ளே போனது. சாரி-புலாக் ஓர் ஆட்ட வித்தியாசத்தில் ஐந்தாவது.

"ஆறு டீம் கேக்கலையா அக்கா?" என்று சைரகுல் அந்தப் பக்கம் போகும்போது கேட்டாள். புருல்சா முழங்கால் கட்டை அவிழ்த்தபடி, "கேக்கத்தான் போறேன். மொதல்ல நீ ஜெயிச்சு வா," என்றாள்.

6

அரையிறுதி: பதினான்கிலும் வென்ற கைனார், ஆறில் மட்டும் வென்ற தாஷ்-கெச்சு. செட் இரண்டுக்கு இரண்டு. கடைசி செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று.

முடிவு எனக்குத் தெரியும். என் கையெழுத்தில் தாளில் இருக்கிறது. சொல்ல மாட்டேன். சொன்னால், சைரகுல் தோற்றிருந்தால் "பார், அவள் சொன்னது சரி, விதி அநியாயம்" என்பீர்கள். வென்றிருந்தால் "பார், ஒன்றும் கெட்டுவிடவில்லை" என்பீர்கள். ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை வைத்து ஒரு விதியை எடை போடக் கூடாது. ஓராண்டுக்கு மேல் யோசித்து இதை எழுதுகிறேன்; இதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். யாரைத் தோற்கடித்தாலும் அவள் முகத்தைப் பார்த்துத் தோற்கடியுங்கள். இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள்.

எட்டு அணிகளும் கூடத்தில் இருந்தன. ஜிபார் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். முன்வரிசைக்காரரின் உயரமான கம்பளித் தொப்பி மறைக்கிறது என்று மாமியார் அதைத் தானே கழற்றி அவர் மடியில் வைத்தாள். ஆண்பிள்ளையின் தொப்பியை இன்னொருவர் தொடுவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். அவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஜிபார் பந்தை மேலே எறிந்தாள்.