அக்கா மூச்சு வாங்கும் இடம்

தலையில் அடிபட்டுப் பிழைத்த பிறகு கிரேன் ஓட்டுநர் நன்றாக நடந்தார், பேசினார். வாசிக்க மட்டும் முடியவில்லை. "எழுத்து தெரியுது. ஆனா வரி கையில சிக்க மாட்டேங்குது" என்றார்.

கண்ணசைவை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் அவருடைய கொழுந்தியாள் வேலை பார்த்தாள். கேமரா முன் அவரை உட்காரவைத்து ஒரு பக்கத்தைக் கொடுத்தாள். அவளுடைய திரையில் அதே பக்கத்தின்மேல் அவர் பார்வை சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அது ஒரு சொல்லில் ஒட்டிக்கொண்டது, பின்னால் ஓடியது, இரண்டு வரி தாண்டிக் குதித்தது.

"யாராவது வாசிக்கக் கேட்டுக்கிட்டே கண்ணை ஓட்டட்டும்" என்றார் மருத்துவர். அவர் மனைவியான அக்காவே ஒரு படகுக்காரனின் நீண்ட கதையை வாசித்துப் பதிவு செய்தாள். "இருபது வருஷத்துல நான் சொன்னதை இவர் முழுசா கேட்டதே இல்ல. இப்ப வசமா மாட்டினாரு!"

ஆறு வாரம், தினமும் காலையில் அரை மணி நேரம் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பக்கத்தில் கண்ணை ஓட்டினார்.

பிறகு ஹெட்ஃபோன் இல்லாமல், அதே கதையில் அவர் பார்த்திராத, கேட்டிராத ஒரு பக்கத்தைக் கொடுத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சகோதரிகள் திரையைப் பார்த்து நின்றார்கள். புள்ளி தடுமாறியது. பிறகு சொல் சொல்லாக நடந்தது. மூன்றாம் வரியின் நடுவே சட்டென்று நின்றது. அங்கே காற்புள்ளியும் இல்லை, கடினமான சொல்லும் இல்லை.

"போச்சு, சிக்கிடுச்சு" என்றாள் தங்கை.

அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. "இல்லடி. எனக்கு மூச்சு இழுப்பு இருக்குல்ல? வாசிச்சா அங்கதான் நான் மூச்சு வாங்குவேன்."

"சும்மா இரு. அடுத்தது எங்க, சொல்லு பார்ப்போம்."

அக்கா மனசுக்குள் வாசித்துப் பார்த்து, இரண்டு வரி தள்ளி ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தாள். புள்ளி நடந்து வந்து அந்த விரலடியில் நின்றது. ஐந்து முறை விரல் வைத்தாள். ஒரே ஒரு முறைதான் தப்பியது. ஒன்பது வருடமாகக் கண்களை அளப்பவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர் வெளியே வந்தார். "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஃபெயிலா?"

"மாமா, உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"உங்க அக்காதான். ஹெட்ஃபோனைக் கழட்டினப்புறமும் விடலயே!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தங்கைக்குத் தெரியவில்லை.

"அதை விடு" என்றார் அவர். "அந்தப் படகுக்காரன் கரைக்கு வந்தானா இல்லையா? அடுத்த பக்கம் எங்கம்மா?"