பெட்ரோல் வியர்த்தவன்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கைமாறிய வாரம் மருதப்பனுக்குப் பெட்ரோல் வியர்க்க ஆரம்பித்தது. கலப்படமில்லாத தொண்ணூற்றைந்து ஆக்டேன் ரகம். மின்சாரக் கார்கள் பெருகிவிட்டன, இனி இதில் தேறாது என்று பழைய முதலாளிகள் சிங்கப்பூரை ஒட்டிய தீவில் இருந்த ஆலையைத் தள்ளிவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் யாரை வைப்பார்கள், யாரை அனுப்புவார்கள் என்று தெரியாத கலக்கத்தில், எண்ணெய்த் தொட்டி கழுவும் ஆட்கள் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்தார்கள். ஆலைக்குள் நெருப்பு கூடாது. ஆகவே சூடத்தைக் கொளுத்தாமலே சுற்றினார்கள். சுற்றியவன் மருதப்பன். எரியாத திருஷ்டி எங்கே போகும்? அவன் மேலேயே இறங்கிவிட்டது.

தேக்கா கடைவீதியில் அவனைக் கண்டால் ஊதுவத்தியை அணைத்தார்கள். டன்லப் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முகமது யூசுப், "உள்ள வராதீங்க தம்பி, அடுப்பு எரியுது," என்று தேநீரை நடைபாதைக்கே கொண்டுவந்து கொடுத்தார். வளைகுடாவில் சண்டை மூண்டு விலை ஏறிய மாதங்களில் மோட்டார் சைக்கிள்காரர்கள் அவன் சட்டையைப் பிழிந்து வாங்கிப்போனார்கள். விலை இறங்கியதும் ஒரு நாதியும் திரும்பிப் பார்க்கவில்லை. உலகச் சந்தை அப்படித்தான்.

பிறகு மன்னார்குடிப் பக்கத்து ஊரில் அவன் தாய் செத்துப்போனாள். ஒரே பிள்ளை, கொள்ளி வைக்க அவன்தான் போக வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்கு வரிசையில் நின்றான். கவுண்டரில் இருந்த பிரேம் முகர்ந்து பார்த்துவிட்டு, "சாரி அண்ணே, தீப்பிடிக்கிற கார்கோ. பிளேன்ல ஏத்த முடியாது லா," என்றான். மருதப்பன் அவன் காலில் விழுந்தான். விழுந்த இடத்தைத் துடைக்க ஆட்கள் வந்தார்கள்.

சரக்கென்றால் சரக்காகவே போகிறேன் என்று ஆலையின் புதிய முதலாளிகளிடம் போய் நின்றான். கப்பல்களுக்குப் பொறுப்பான ரக்ஷனா இரக்கமுள்ள பெண். கணினியில் வெகுநேரம் தேடினாள். இந்தோனேசியாவுக்கு இடம் இருந்தது, ஆஸ்திரேலியாவுக்கும் இருந்தது.

"அண்ணே, இந்தியாவே பெட்ரோல் எக்ஸ்போர்ட் பண்ற நாடு. அங்கேர்ந்து வரும், இங்கேர்ந்து போகாது. மார்ஜின் இல்ல லா."

கொல்லன் தெருவில் ஊசி விற்க எந்தக் கப்பல் போகும்?

"எங்கம்மா காத்துக் கெடக்குதுன்னு சொல்லுங்கம்மா," என்றான் மருதப்பன். யாரிடம் சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. அவன் அழுதான். கண்ணீரும் பெட்ரோல்தான், கண் எரிந்ததே தவிர மனம் ஆறவில்லை. பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க வக்கில்லாத பிறவி என்று தன்னையே வெறுத்தான்.

தாய் நிஜமாகவே காத்துக் கிடந்தாள். பங்காளி ஒருவன் கொள்ளி வைத்தான், வறட்டி பற்றவில்லை. நெய் ஊற்றினார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நெருப்பு அவளைத் தொடாமல் அவிந்தது. உடலும் கெடவில்லை. முதல் வருஷம் ஊர் பயந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு மேலே ஓலைப் பந்தல் போட்டது. மருதப்பன் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். அந்த வழியாக ஆடு ஓட்டிப்போகிறவர்கள், "என்ன ஆத்தா, மவன் இன்னும் வரலியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போகிறார்கள்.