பூரண நலம்

நல்லகாமனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேசன் செய்து மூன்று மாதமாகிறது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பெர்சி எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இனி நடக்கலாம், மாட்டைப் பிடித்துக் கட்டலாம், கூட்டமில்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறலாம் என்றார். பூரண நலம் என்றும் சொன்னார். மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே பேரையூருக்குப் போய்த் தங்கச்சி ஒச்சாயியைப் பார்த்துவிட்டுத்தான் உசிலம்பட்டிக்குத் திரும்புவது என்று மகனிடம் சொன்னார். அவளைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அம்புட்டு மாத்திரையையும் முகம் சுளிக்காமல் விழுங்கியவர் அவர்.

மகன் அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஒச்சாயி போன மாதமே இறந்துபோயிருந்தாள். அப்பா தாங்கமாட்டார் என்று மொத்தக் குடும்பமும் மறைத்துவிட்டது. வீட்டில் வைத்துச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, நீங்களே இங்கே வைத்துச் சொல்லிவிடுங்கள் என்று காலையில்தான் பெர்சியிடம் கெஞ்சியிருந்தான். நம் ஊரில் பாசத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அந்தப் பாசத்தாலேயே ஒரு மனிதனுக்குரிய துக்கத்தை அவனைக் கேட்காமல் பிடுங்கிக்கொள்வார்கள்.

பெர்சி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். நல்லகாமன் மகனிடம் திரும்பினார்.

"பொறந்த வீட்டுக் கோடி யாருடா போட்டது?"

அண்ணன் கையால் அவள் மேல் விழவேண்டிய கடைசிச் சேலை அது. தான் போட்டதாக அழகுபாண்டி சொன்னான்.

"நான் ஏன் வரலைன்னு கேட்டாளா?"

இதையும் மறைக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. அத்தையும் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் ஆபரேசன் விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அண்ணனுக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டுக்கேட்டுத்தான் அவள் உயிர் போனது.

நல்லகாமனுக்கு உதடு கோணியது. மகன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அழக்கூடாது, நெஞ்சுக்கு ஆகாது என்றான். பெர்சி நாடி பிடித்துப் பார்த்தார். சீராகத்தான் இருந்தது. சற்று முன் பூரண நலம் என்று தன் வாயால் சொன்னது அவருக்கே கூச்சமாக இருந்தது.

நல்லகாமன் மகனைப் பார்க்கவே இல்லை. டாக்டரிடம்தான் கேட்டார்.

"அழுதா இந்த நெஞ்சு தாங்குமா டாக்டரம்மா?"

"தாங்கும். அழுங்கய்யா. அதுக்குந்தான் சரி பண்ணிருக்கோம்."