மூன்று விநாடிக்குள் பதில்

துறைமுகத்துப் பழைய கிடங்கின் பின்சுவரில் நானூறு ஜோடிக் கடல்புறாக்கள் குடியிருந்தன. யாராலும் காலி செய்யச் சொல்ல முடியாத குடித்தனம். விடிந்தால் பொழுது சாயும்வரை வாய் ஓயாது. அந்தக் கூச்சலை உட்கார்ந்து கேட்டுக் குறித்துவைப்பதுதான் அவளுக்கு வேலை. சுவரில் எட்டு மைக்குகள், முன்பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு ஹெட்போன், ஒரு பதிவுத்தாள். எது கூப்பிட்டது, எது பதில் சொன்னது, எத்தனை விநாடியில்.

குளிர்காலம் முழுக்க ஜோடிகள் கடலில் ஆளுக்கொரு திசையில் திரிந்துவிட்டு வரும். ஆண் பழைய இடத்தில் வந்து நின்று கூப்பிடும். நானூறு குரல்களுக்கு நடுவே பெண் அந்த ஒரு குரலைப் பிரித்தெடுத்து, மூன்று விநாடிக்குள் பதில் கொடுத்தால் குடும்பம் தொடரும். கொடுக்காவிட்டால் கதை முடிந்தது. வேறு குரலைத் தேடிக்கொள்வாள்.

“யாரு வேணா கூப்பிடலாம்மா. பதில்தான் முடிவு” என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் சட்டமே வேறு. புருஷன் முதல் தடவை கூப்பிடும்போதே பதில் வந்தாக வேண்டும். இரண்டாம் தடவை கூப்பிட வைத்தால் அன்றைக்குக் கைதான் பேசும். ஆறு வருஷம் அப்படி ஓட்டியவள், எட்டு மாதத்துக்கு முன் கட்டிய துணியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்காவைத் தவிர யாருக்கும் அவள் வேலை செய்யும் இடம் தெரியாது. தெரியாது என்றுதான் அன்று மதியம்வரை நினைத்திருந்தாள்.

அன்று காலையில், ஏணி ஏறும் உதவியாளரான ஏணியண்ணன் சுவரில் ஏறிக் கூடுகளுக்கு எண் ஒட்டினார். அவருக்கு எந்த விளிம்பு என்று சொல்ல, மேசை மைக்கில் பேசினால் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கியில் கேட்கும். வேலை முடிந்து அவரும் டாக்டரம்மாவும் படகுக் கொட்டகைப் பக்கம் போனார்கள். மேசை மைக்கின் சிவப்பு விளக்கை அவள் அணைக்கவில்லை.

இருபத்தேழாம் எண் ஆண் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாளாகவே பெண்ணிடமிருந்து மூச்சில்லை. அவள் நேரத்தை எழுதினாள். அப்போது ஹெட்போனில், பறவைக் கூச்சலுக்கு அடியில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் பேனா நின்றது. அந்தச் செருமலை ஊர்ச் சந்தை இரைச்சலில்கூட அவளால் பிரித்தெடுக்க முடியும்.

“பாப்பா.”

கொஞ்சும் குரல். குரல் எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவுக்கு அடி பின்னால் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆறு வருஷப் பழக்கம் அவளைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? வாய் தானாகத் திறந்தது.

“ம்.”

அந்த ‘ம்’ சுவர் ஒலிபெருக்கியில் போய், அங்கிருந்த மைக் வழியாகத் திரும்பி அவள் காதிலேயே விழுந்தது. அப்போதுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

“உள்ளதான் இருக்கியா? இரு, வரேன்.”

காலடிகள் மைக்கைத் தாண்டிப் போயின. இதுவரை அவன் எங்கே நிற்கிறான் என்றாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை.

அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. “பறவைச் சத்தத்தை யாரும்மா திருடப் போறாங்க” என்று டாக்டரம்மா கேலி செய்ததுண்டு. பதிவு கெட்டுவிடும் என்று கைபேசியை வெளிப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஓடலாம் என்றால் வழி ஒன்றே ஒன்று, அந்த வழியாகத்தான் அவன் வருகிறான்.

கணினியில் ஒரு பதிவு இருந்தது: பருந்தைக் கண்டால் பறவைகள் போடும் அலறல். முட்டைக் காலத்தில் அதைத் தொடவே கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. போட்டால் மொத்தச் சுவரும் பறந்துவிடும், முட்டைகள் திறந்து கிடக்கும். டாக்டரம்மாவும் ஏணியண்ணனும் எங்கே இருந்தாலும் அடித்துப் புரண்டு ஓடிவருவார்கள்.

மன்னிச்சுக்குங்க என்று பறவைகளிடம் சொல்லிக்கொண்டே ஒலியை முழுசாக ஏற்றி அழுத்தினாள்.

எண்ணூறு பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவு திறந்தது.

“பாப்பா, எதுக்கு இந்தச் சத்தம்? நிறுத்து.” அவன் சிரித்தபடியே வந்து அவள் நாற்காலி முதுகில் கை வைத்தான். சோப்பு வாசனைகூட மாறவில்லை. அவள் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரம் என்று தெரியாது, ஒரு யுகம்.

“யாரு அதைப் போட்டது! முட்டையெல்லாம்...” என்று கத்திக்கொண்டே வந்த டாக்டரம்மா வாசலிலேயே நின்றார். பின்னால் ஏணியண்ணன் மூச்சு வாங்கினார். அவள் முகத்தைப் பார்த்தார்கள். டாக்டரம்மா மேசைக்கு வந்து குனிந்து ஒலியை நிறுத்தினார்.

“வணக்கங்க. நான் இவ வீட்டுக்காரர்” என்றான் அவன். “சின்ன மனஸ்தாபம். கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நான் கூப்பிட்டா வந்துடுவா, நீங்களே பாருங்க.” திரும்பினான். “பாப்பா.”

டாக்டரம்மாவின் கண் பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

ஒன்று. ‘ம்’ தொண்டைவரை ஏறிவிட்டது. இரண்டு. பற்களைக் கடித்தாள், தாடை வலித்தது. மூன்று.

“பாப்பா!” இது வீட்டுக்குள் கேட்கும் குரல், இரண்டாம் தடவைக் குரல். அவள் வாய் திறக்கவில்லை.

“பதில் வரல” என்றார் டாக்டரம்மா. “நீங்க கிளம்பலாம். போலீசுக்கு நான் போன் பண்றேன்.”

ஏணியண்ணன் அவன் தோளை உரசுகிற தூரத்துக்கு வந்து நின்றார். அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியேறினான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பறவைகள் ஒவ்வொன்றாக விளிம்புக்குத் திரும்பின. “பத்து நிமிஷம் முட்டை தாங்கும், பயப்படாதே” என்றார் டாக்டரம்மா. அவள் பதிவுத்தாளை இழுத்து, கோணல்மாணலான எழுத்தில் எழுதினாள். கூப்பிட்டது நான்கு முறை. முதல் முறைக்குப் பதில், ஒரு விநாடியில். அதை மறைக்க மனம் வரவில்லை. மற்ற மூன்றுக்கும்: பதில் இல்லை.

பிறகு சிவப்பு விளக்கை அணைத்தாள்.

“அண்ணே,” என்றாள், “இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரீங்களா?”

“இப்பவே போட்டுடறேன் தங்கச்சி.”

“ரெண்டா போடுங்கண்ணே.”